தொங்கட்டான் இல்லாத சேவல்

நாய்கள் வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பகல் பதினொரு மணி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படியும் என் அக்கா எர்மிந்தா ஏரிக்கரை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அன்று அவள் இடுப்பைக் காட்டிவர சாவேத்ரா ஆஸ்பத்திரிக்குப் போனாள். விழுந்து எலும்பில் கீறல் விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. டிரக்கில் ஏறும்போது ஒரே ஒரு வேலைதான் சொன்னாள்.

"கோழிங்களப் பாத்துக்கடா. கரைப்பக்கம் ரெண்டு நாயி சுத்துது."

சரி என்றேன். அடுப்புப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினாறு வருடம் புவெர்த்தோ மோன்ட்டில், சால்மன் மீன் ஆலையில், இரவு ஷிப்ட்டில் மீன் கிழித்தவன் நான். எனக்குப் பகல் பதினொன்று என்றால் மற்றவர்களுக்கு நடுச்சாமம் மாதிரி. வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அது உடம்புக்கு இன்னும் தெரியவில்லை.

கண் விழித்தபோது முற்றம் முழுக்க இறகு. பதினோரு கோழிகளும் சேவலும் செத்துக் கிடந்தன. நாய்கள் தின்னக்கூட இல்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. மூன்று கோழிகள் மட்டும் ஆப்பிள் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன.

எர்மிந்தா திரும்பி வந்து, இரண்டு கைத்தடிகளையும் ஊன்றி நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அழுகிறவர்கள் இல்லை.

"கொதிக்கிற தண்ணி வை. தின்னுற மாதிரி இருக்குறதையாவது உரிச்சுரலாம்" என்றாள்.

உரித்தோம். அப்போதுதான் சொன்னாள்.

"இந்த மூணும் நாலு வயசுக் கோழி. இந்த வசந்தத்துல அடை உக்காந்தா உண்டு, இல்லன்னா இதோட முடிஞ்சுது. சேவல் இல்லாம முட்டை வரும், குஞ்சு வராது. மாசம் முடியுறதுக்குள்ள நீ ஒரு சேவல் கொண்டாரணும்."

"கொண்டாரலன்னா?"

"மறுபடி மீன் கிழிக்கப் போ. என் வீட்டுல தூங்குறதுக்கு ஒரு ஆளு தேவையில்ல."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீடும் நிலமும் அவள் பேரில். எனக்குப் போக வேறு இடம் இல்லை. அந்த ஆலைக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் சுத்தியலை எடுத்து என் விரலிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

தெமூக்கோ சந்தையில் சேவலுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அதெல்லாம் கலப்பு. அவற்றின் குஞ்சுகளுக்கு வால் முளைக்கும், முட்டை பழுப்பாக வரும். எங்கள் கோழிக்கு வால் கிடையாது. பின்பக்கம் ஆற்றுக்கல் மாதிரி வழுவழுவென்று முடிந்துவிடும். சிலதுக்கு இரண்டு கன்னத்திலும் இறகு கற்றையாகப் பிதுங்கி நிற்கும். தொங்கட்டான் என்போம். முட்டை நீலம், வேகவைத்தாலும் நீலம். சிறு வயதில் கடையில் வெள்ளை முட்டை பார்த்தபோது நோய் வந்த கோழி போட்டது என்று நினைத்தேன். கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது பெண்களின் காரியம். நான் பதினாறு வயதில் மரம் வெட்டப் போனவன்.

எங்கள் கோழிகளின் ரத்தம் இன்னும் ஓடுகிற வீடு ஒன்றே ஒன்றுதான். சதுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுனில்டா அத்தை, பெலார்மினோ மாமா வீடு. சொந்த அத்தை இல்லை. ரொம்ப காலத்துக்கு முன்பு எங்கள் அம்மா ஒரு சேவலைக் கொடுத்து, அவர்களிடம் விதை உருளைக்கிழங்கு வாங்கினாள். அப்படி மாற்றிக்கொண்டால் எங்கள் ஆட்களிடம் அது உறவுதான். கல்யாணத்தில் வரும் உறவைவிடக் கொஞ்சம் கெட்டி.

எர்மிந்தா ஒரு பையில் விதைப் பட்டாணியைக் கட்டிக் கொடுத்தாள். வெறுங்கையோடு போகக் கூடாது. போனில் கேட்கவும் கூடாது.

மறுநாள் மதியம் போனேன். மழை விட்டிருந்தது. பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் சேற்றில் உறிஞ்சிக்கொண்டது. ஒரு மணி நேரம் நடந்தேன். கதவருகில் நின்று கூப்பிட்டேன், நாய் குரைத்தது, சுனில்டா அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாரு, நோல்பெர்த்தோவா? எளச்சுட்டியே. உள்ள வா தம்பி, மாத்தே போடுறேன், சூடா குடிச்சுட்டுப் போ."

"இல்ல அத்தை, உக்கார நேரமில்ல. நாயி கோழியெல்லாம் கடிச்சுப் போட்டுருச்சு. அக்கா ஒரு சேவல் கேட்டா. பட்டாணி குடுத்து விட்டிருக்கா."

அவர் என்னையே பார்த்தார். கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். அவருக்கும் வயசாகிவிட்டது, காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்து இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

"கேட்டுச்சு" என்றார். "எது வேணும்?"

கொட்டடிப் பக்கம் நாலைந்து சேவல்கள் மேய்ந்தன. ஒன்று பொன்னிறம். இரண்டு கன்னத்திலும் தொங்கட்டான் பெரிய மீசை மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தது. குதிரைமேல் உட்கார்ந்தவன் மாதிரி நடந்தது.

"அது" என்றேன்.

"எடுத்துக்கோ."

அவரே பிடித்து, சாக்கில் போட்டு, வாயைக் கட்டிக் கொடுத்தார். பட்டாணிப் பையை நீட்டினேன். "அங்கயே மாட்டி வை" என்று வேலிக் கம்பத்தைக் காட்டினார். மாட்டினேன். கிளம்பும்போது மரியாதைக்கு ஒன்று சொன்னேன்.

"மாமாவைப் பாக்க முடியல. நான் கேட்டேன்னு சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றார்.

காரியம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. திரும்பும் வழியில் சாக்குக்குள் சேவல் இரண்டு தரம் கொக்கரித்தது. இன்றைக்கு இனி தூங்கலாம், எழுப்ப யாருக்கும் காரணம் இல்லை என்று நினைத்தேன்.

எர்மிந்தா சாக்கை அவிழ்த்தாள். சேவல் தலையை வெளியே நீட்டியது. அவள் முகம் சுண்டிவிட்டது.

"இவனுக்குத் தொங்கட்டான் இருக்கே."

"ஆமா. இருக்குறதுலயே அழகானவன்."

"டேய், நம்ம மூணு கோழிக்கும் தொங்கட்டான் இருக்கு. சேவல், கோழி ரெண்டுக்குமே தொங்கட்டான் இருந்தா குஞ்சு முட்டைக்குள்ளயே சாகும். பொரிக்கிறதுக்கு மூணு நாலு நாளு இருக்குறப்ப செத்துரும். பொரிச்சதுலயும் பாதி நிக்காது. இது சுனில்டாவுக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் குடுத்தவளே அவதான்."

"நான் எது வேணும்னு காட்டுனேன், குடுத்துட்டாங்க."

"மிச்சம் எந்தக் கோழின்னு அவ கேக்கலையா?"

"கேக்கல."

எர்மிந்தா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்பு வலித்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சுனில்டா கேக்கல. கோழியைப் பத்திச் சுனில்டா கேக்கல. நீ அவகிட்ட என்ன கேட்ட?"

"சேவல் கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

நான் பூட்ஸில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினேன்.

ஒருவர் வீட்டுக்குப் போனால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். பென்துக்குன் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, நல்லாயிருக்கேன் என்று பதில் வாங்கிக்கொண்டு நகர்கிற விஷயம் இல்லை. உட்கார்ந்து, அவர் உடம்பு, வீட்டில் ஒவ்வொருவராக, பிள்ளைகள், நோய், சாவு, மாடு, பயிர் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். பிறகு அவர்கள் கேட்பார்கள், நாம் சொல்ல வேண்டும். வந்த காரியம் எல்லாவற்றுக்கும் கடைசியில். சின்ன வயதிலேயே தெரியும் எனக்கு. ஆலையில் பதினாறு வருடம் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வரிசையில் நிற்பான், கிழிப்பான், போவான். நான் பழகியது அது.

"பெலார்மினோவப் பத்திக் கேட்டியா?"

"கேட்டேன்னு சொல்லச் சொன்னேன்."

"யாருகிட்ட?"

"மாமாகிட்ட."

எர்மிந்தா கண்ணை மூடினாள். திறந்தபோது கோபம் போய்விட்டிருந்தது. கோபமே பரவாயில்லை.

"பெலார்மினோ ஜூலையில செத்துட்டாருடா. நான் உனக்குப் போன் பண்ணேன். காலைல எட்டு மணி இருக்கும். நீ சரிக்கா, சரிக்கான்னு ரெண்டு தரம் சொன்ன. அப்புறம் குறட்டை கேட்டுச்சு."

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. ஷிப்ட் முடிந்து படுத்த பிறகு வந்த போன்கள் எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள், நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

"ரெண்டு மாசமா இங்க கெடக்குறியே, ஒரு நாளாவது போய்த் துக்கம் கேட்டுட்டு வருவன்னு பாத்தேன். சரி, சேவல் கேக்கப் போறப்ப கேப்பான்னு நெனச்சேன்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நாப்பத்தி நாலு வயசு ஆளுக்கு என்னடா சொல்றது, வாய் தொறக்கணும்னா?"

சேவல் முற்றத்தில் இறங்கி மூன்று கோழிகளையும் சுற்றி வந்தது. அவள் கைத்தடியை நீட்டி அதை விரட்டினாள்.

"ஏறுறதுக்கு முன்னாடி புடிச்சுக் கட்டு. நாளைக்குத் திருப்பிக் கொண்டு போ. உக்காரு. எல்லாத்தையும் கேளு. அவ குடுத்தாலும் சரி, குடுக்கலன்னாலும் சரி."

"குடுக்கலன்னா நான் புவெர்த்தோ மோன்ட் போகணும்."

"ஆமா" என்றாள்.

மறுநாள் மறுபடி அதே சேறு. பட்டாணிப் பை கம்பத்தில் அப்படியே தொங்கியது. மழையில் நனைந்து கனத்திருந்தது. சுனில்டா அத்தை முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். என் தோளில் இருந்த சாக்கைப் பார்த்தார்.

"என்ன தம்பி, அழகன் புடிக்கலையா?"

"அத்தை, நேத்து நான் கேக்க வேண்டியதைக் கேக்கல."

கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினார்.

"அப்ப உள்ள வா."

அடுப்பைக் கிளறி, கெண்டி வைத்து, சாம்பலில் சுட்ட ரொட்டியைத் தட்டித் தூசி போக்கி முன்னால் வைத்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்ச் இருந்தது. அங்கே உட்காரப் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"உங்க உடம்பு எப்படி இருக்கு அத்தை?"

"இடது முட்டி வலிக்குது. மழைக்கு முன்னாடி நாள் ரொம்ப வலிக்கும். வானிலை சொல்றவனுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுரும்."

"தூக்கம்?"

"கட்டில் பெருசா இருக்கு."

அடுத்து கேட்க வேண்டியது எது என்று எனக்குத் தெரியும். மாத்தே குடுவையை வாங்கி, முழுக்க உறிஞ்சி, திருப்பிக் கொடுத்தேன்.

"மாமாவைப் பத்திச் சொல்லுங்க."

சொன்னார். ஜூனிலிருந்து இருமல் இருந்ததாம். சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னால், செவிலி தன்னைத் திட்டுவாள் என்று போகவில்லையாம். அன்று செவ்வாய். ஆட்டுக்கு வேலி கட்டிவிட்டு வந்தார்.

"வீட்டைக் கூட்டி முடிச்சு நிமுந்தேன். சேத்துப் பூட்ஸோட உள்ள வர்றாரு. ஏய், பூட்ஸைக் கழட்டிட்டு வான்னு கத்துனேன். கழட்டல. பெஞ்சுல உக்காந்தாரு. நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இருந்தேன். கால் மணி நேரம் திட்டியிருப்பேன் தம்பி. பதிலே இல்லன்னு அப்புறம்தான் திரும்பிப் பாத்தேன்."

நான் பதில் சொல்லத் தேவையில்லை, கேட்பதுதான் வேலை.

"அடக்கத்துக்கு எல்லாரும் வந்தாங்க. எர்மிந்தா கட்டிலோட கெடந்தா, ஒரு ஆட்டுக்குட்டி குடுத்து விட்டா. நீ வரல."

"வரல."

"சரி. மேல கேளு."

மகள் யாஸ்னாவைப் பற்றிக் கேட்டேன். கொன்செப்சியோனில் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை, இரவு ஷிப்ட். புருஷன் சரியில்லை. பேரனுக்குப் பல் வளைந்து முளைக்கிறது. இரண்டு ஆடு ஈன்றது, ஒரு குட்டி நிற்கவில்லை. உருளைக்கிழங்கு முளைத்துவிட்டது, மண் அணைக்க ஆளில்லை. அடுத்த வீட்டுக்காரன் வேலியை ஒரு முழம் நகர்த்தியிருக்கிறான், பெலார்மினோ இருந்தால் நகர்த்தியிருக்க மாட்டான். ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கேட்டேன். நடுவில் இரண்டு தரம் கண் சொருகியது. தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

பிறகு அவர் முறை.

"உன் உடம்பு?"

"முதுகு. கை விரல் ரெண்டு மரத்துப் போயிருக்கு."

"மீன் நாத்தம் போயிருச்சா?"

"அக்கா போகலங்குறா."

"அவளுக்கு மூக்கு எப்பவுமே ஜாஸ்தி. வேலை?"

"விட்டுட்டேன்."

"ஏன்?"

இதை யாரும் கேட்கவில்லை. எர்மிந்தாகூட. அவள் கேட்டது எப்போது திரும்பிப் போகிறாய் என்றுதான்.

"காலைல ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல உக்காந்தேன் அத்தை. பஸ் வந்துச்சு. எந்திரிக்க வரல. அடுத்த பஸ் வந்துச்சு. நாலு பஸ் போச்சு. நோயெல்லாம் ஒண்ணுமில்ல. எந்திரிக்கணும்னு தோணல, அவ்வளவுதான். சாயங்காலம் அடுத்த ஷிப்ட் ஆளுங்க இறங்கி வந்தாங்க. சீக்கிரம் வந்துட்டியேன்னு ஒருத்தன் கேட்டான். அப்பதான் எந்திரிச்சேன். இந்தப் பக்கம் வர்ற பஸ்ல ஏறிட்டேன்."

"சாப்புட்டியா அன்னிக்கு?"

"இல்ல."

ரொட்டியை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்காவின் இடுப்பைக் கேட்டார், சொன்னேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார், அதை நானே எர்மிந்தாவிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரியாது என்றேன். கடைசியாகக் கோழிக்கு வந்தார்.

"எத்தனை மிச்சம்?"

"மூணு. சாம்பல் ஒண்ணு, கறுப்பு ஒண்ணு, செம்பட்டை ஒண்ணு."

"தொங்கட்டான்?"

"மூணுக்கும் இருக்கு."

அவர் தொண்டைக்குள்ளேயே சிரித்தார்.

"அப்ப அந்த அழகன் உங்க வீட்டுல பாதிக் குஞ்சை அடக்கம் பண்ணியிருப்பான்."

"நேத்தே உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"எப்படித் தெரியும்? நீ சொல்லல, நான் கேக்கல."

எழுந்து கொட்டடிக்குப் போனார். ஒரு சேவலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அழுக்கு வெள்ளை. கொண்டை பனியில் கருகி நுனி உதிர்ந்திருந்தது. ஒரு காலில் விரல் ஒன்று இல்லை. வாலும் இல்லை, கன்னத்தில் இறகும் இல்லை. ஒரு சேவலிலிருந்து எதையெல்லாம் எடுக்க முடியுமோ எல்லாவற்றையும் எடுத்த பிறகு மிச்சம் இருந்தது மாதிரி இருந்தது.

"இவனா?" என்றேன்.

"இவன்தான். உங்கம்மா குடுத்த சேவலோட நேர் வாரிசு. இவனப் பெத்தவ போடுற முட்டையப் பாத்தா கண்ணு கூசும், அவ்வளவு நீலம். என்ன, சந்தைக்குக் கூட்டிட்டுப் போகவா கேட்ட?"

அது என் மணிக்கட்டைக் கொத்தியது. ரத்தம் வந்தது.

பொன்னிறச் சேவலைச் சாக்கிலிருந்து இறக்கிவிட்டு இதைப் போட்டேன். சுனில்டா அத்தை கம்பத்துக்குப் போய்ப் பட்டாணிப் பையை எடுத்து, அவிழ்த்து, ஈரத்தைக் கையால் அளைந்து பார்த்தார். சிலது ஊறி உப்பியிருந்தது.

"நேத்தே உள்ள எடுத்துருக்கணும்" என்றார். என்னிடமா, தன்னிடமா தெரியவில்லை. "இது பட்டாணி. சேவலுக்குப் பத்தாது. உருளைக்கெழங்குக்கு மண் அணைக்கணும். திங்கக்கெழமை காலைல ஏழு மணிக்கு வா. ரெண்டு நாள் வேலை."

"மத்தியானமா வரட்டுமா அத்தை? மத்தியானத்துக்கு மேல நான்..."

"மத்தியானம் காத்து கெளம்பிரும். ஏழு."

வீட்டுக்கு வந்தபோது எர்மிந்தா வாசலிலேயே நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. சாக்கை அவிழ்த்து, சேவலின் கன்னத்தை விரலால் தடவி, இறகு இல்லை என்று உறுதி செய்துகொண்டு இறக்கிவிட்டாள். மூன்று கோழிகளும் சேர்ந்து அதைத் துரத்தின. அது நொண்டிக்கொண்டே விறகு அடுக்குக்குப் பின்னால் ஓடியது.

"நாளைக்குள்ள பழகிரும்" என்றாள். "சொல்லு."

"என்ன சொல்ல?"

"அவ சொன்னதெல்லாம். மொதல்லேர்ந்து."

கேட்டுவிட்டு வந்தால் போதாது, கொண்டுவந்து கொடுக்கவும் வேண்டும். உட்கார்ந்தேன். முட்டியில் ஆரம்பித்தேன். பூட்ஸ், கால் மணி நேரம் திட்டியது, யாஸ்னாவின் இரவு ஷிப்ட், பேரனின் பல், நிற்காத ஆட்டுக்குட்டி, ஒரு முழ வேலி. எதையாவது தாண்டினால் பிடித்துவிட்டாள். எந்தப் பல், மேலேயா கீழேயா என்று கேட்டாள். தெரியாது, திங்கட்கிழமை கேட்கிறேன் என்றேன்.

"திங்கக்கெழமை எதுக்கு?"

மண் அணைக்கிற கதையைச் சொன்னேன். ஏழு மணி என்றேன். அவள் நம்பாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாருக்கா?" என்று கேட்டேன்.

"எப்ப?"

"அன்னிக்கு. இடுப்புக்கு."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். எலும்பு கூடவில்லையாம். வெட்டித் தகடு வைக்க வேண்டும், தெமூக்கோவில் வரிசை எட்டு மாதம். அதுவரை கைத்தடிதான். குனியக் கூடாது, தூக்கக் கூடாது. இரண்டு நாளாக இதை அவள் தனியாக வைத்திருந்தாள்.

நான் அடுத்ததைக் கேட்டேன். வலி எப்படி, தூக்கம் எப்படி என்று. அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"போதும்டா. ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டு முடிச்சுராத." கைத்தடியை ஊன்றி எழுந்தாள். "ஏழு மணிக்கு அங்க இருக்கணும்னா அஞ்சரைக்கு எந்திரிக்கணும். நான் எழுப்ப மாட்டேன்."

"எழுப்ப வேணாம்" என்றேன்.

எழுந்துவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.